இரண்டாம் தடவை தோற்றும் மாணவரின் சுமை

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகின்ற நாட்களில் பத்திரிகைப் பக்கங்களை நிரப்புபவை மாவட்ட மட்டத்தில் முதலிடம் பெற்ற மாணவர்களின் புகைப்படங்களும் பாடசாலைகளின் சாதனைகளுமேயாகும். உழைத்தவர்களைப் பாராட்டுவது நியாயமானதே. ஆனால், எதிர்பார்த்த பெறுபேறு தமக்குக் கிடைக்கவில்லை என்பதை அதே நாளில் அறிந்துகொண்டு, வீட்டின் ஒரு மூலையில் மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தொகையோ மிகப் பெரியது. சில தினங்களில் உறவினர்களின் விசாரிப்புகள் ஓய்ந்துவிடுகின்றன. அதன் பின்னர் அப்பிள்ளைகளில் பலர் 'மீண்டும் ஒரு தடவை' என்ற தீர்மானத்துடன் பழைய புத்தகங்களையே திரும்பவும் கையில் எடுக்கின்றனர். அவர்கள் எவ்வாறு படிக்கின்றனர், எவ்வாறு உறங்குகின்றனர், எத்தகைய மனநிலையில் நாட்களைக் கழிக்கின்றனர் என்பதை நமது சமூகம் பெரிதாகக் கவனிப்பதில்லை.

இது ஒரு சிலரின் பிரச்சினையன்று. 2024ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்த மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாவர். இவர்களுள் கணிசமானோர் முன்னர் ஒரு தடவையாவது தோற்றியவர்கள். அப்பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கான குறைந்தபட்சத் தகைமையைப் பெற்றவர்கள் ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்தைத் தாண்டினர். ஆனால், அரச பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் உள்வாங்குவதோ நாற்பதாயிரத்துக்குச் சற்று அதிகமானோரை மாத்திரமே. எனவே, தகைமை பெற்ற நால்வரில் ஏறக்குறைய மூவர் வெளியே நிற்பது மாணவரின் திறமையின்மையால் அன்று; இடமின்மையாலேயே ஆகும். 'தோல்வியடைந்தவர்' என்று நாம் சர்வசாதாரணமாக அழைக்கும் பிள்ளை உண்மையில் சித்தியடைந்த பிள்ளையாகவே பெரும்பாலும் இருக்கின்றது. இந்த எளிய உண்மையைப் பெற்றோர் முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.

பரீட்சையின் விதிகளே இரண்டாம் தடவையின் சுமையை அதிகரிக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று தடவைகள் மாத்திரமே தோற்ற முடியும். மூன்று பாடங்களின் பெறுபேறுகளும் ஒரே தடவையில் பெறப்பட்டவையாக இருத்தல் வேண்டும். சென்ற தடவை ஒரு பாடத்தில் பெற்ற 'ஏ' சித்தியை அடுத்த தடவைக்குக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே, பலவீனமான பாடத்தை உயர்த்தச் செல்லும் மாணவர், பலமான பாடத்தை இழக்கும் அபாயத்தையும் சேர்த்தே சுமக்கின்றார். போதாக்குறைக்கு, 2001 முதல் நடைமுறையிலுள்ள இஸட் புள்ளி முறையில் ஒருவரின் நிலை அவரது புள்ளிகளால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அவ்வாண்டில் அதே பாடத்துக்குத் தோற்றிய ஏனையோரின் சராசரியும் புள்ளிகளின் பரம்பலும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. நான்கு தசம தானங்களில் அச்சிடப்படும் அந்த எண்ணில் இரண்டாம் மூன்றாம் தானங்களின் வித்தியாசம் ஒருவரை மருத்துவ பீடத்துக்குள் அனுப்புகின்றது. இன்னொருவரைத் திரும்பவும் வீட்டுக்கு அனுப்புகின்றது.

நமது சமூகங்களில் இந்தப் பரீட்சைக்கு இருக்கும் கனதி வேறெங்கும் இல்லாதது எனலாம். 1970களின் தரப்படுத்தலும், அதன்பின் வந்த மாவட்டக் கோட்டாவும் ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றின. 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் எண்ணெய் விளக்கில் படித்துப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் இன்று பெற்றோர்களாக இருக்கின்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் இருந்தவாறே பாடப்புத்தகத்தைப் புரட்டிய முஸ்லிம் பிள்ளைகளும் அவ்வாறே இன்று பெற்றோராகியுள்ளனர். மலையகத்திலோ, உயர்தர விஞ்ஞான வகுப்பு உள்ள பாடசாலையைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியிருந்த நிலை இன்னமும் முற்றாக மாறவில்லை. இந்தப் பின்னணியில், பிள்ளையின் பரீட்சை குடும்பத்தின் பரீட்சையாகவும், சில வேளைகளில் ஒரு சமூகத்தின் பரீட்சையாகவும் மாறிவிடுகின்றது. 'நாங்கள் அவ்வளவு கஷ்டத்தில் படித்தோம், உனக்கு என்ன குறை?' என்ற கேள்வியில் உண்மை உண்டு. ஆனால், அது ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தோளில் வைக்கப்படும் இரண்டாவது சுமையாகும்.

மூன்றாவது சுமையை ஏற்றிவைத்தது பரீட்சைக் கலண்டரேயாகும். 2019 வரை ஓகஸ்ட் மாதத்தில் பரீட்சையும் டிசம்பர் இறுதியில் பெறுபேறும் என்ற ஒழுங்கு பெரும்பாலும் பேணப்பட்டு வந்தது. கொவிட் பெருந்தொற்றுடன் அது குலைந்தது. 2021ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2022 பெப்ரவரியிலேயே ஆரம்பமாகியது. 2022ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2023 ஜனவரியில் நடைபெற்றது. விடைத்தாள் மதிப்பீடு பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் வரி எதிர்ப்புப் போராட்டத்தால் தாமதமடைந்து, 2023 செப்டெம்பர் 4ஆம் திகதியே பெறுபேறுகள் வெளியாகின. அடுத்த பரீட்சை 2024 ஜனவரி 4ஆம் திகதி ஆரம்பமாகியது. அதாவது, மீண்டும் தோற்றத் தீர்மானித்த ஒருவருக்குக் கிடைத்த கால அவகாசம் சரியாக நான்கு மாதங்கள். 2024 நவம்பரில் பெருமழை வெள்ளத்தாலும், 2025 நவம்பரில் டித்வா புயலாலும் பரீட்சைகள் இடைநடுவில் நிறுத்தப்பட்டன. பிந்தியதில் எஞ்சியிருந்த வினாத்தாள்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. உடலையும் மனதையும் ஒரு திகதியை நோக்கிப் பழக்கிவந்த பிள்ளைக்கு அத்திகதி நகர்ந்துகொண்டேயிருப்பது எத்தகைய அலைச்சல் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதனிலும் மோசமானது வெட்டுப்புள்ளிக்கான காத்திருப்பாகும். பெறுபேறுகள் வெளியாகிப் பல மாதங்கள் சென்ற பின்னரே மாவட்ட ரீதியான வெட்டுப்புள்ளிகள் அறிவிக்கப்படுகின்றன. தமக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது தெரியாத நிலையிலேயே அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பத்தை மாணவர்கள் அனுப்பவேண்டியுள்ளது. 'கிடைத்துவிடும்' என்ற நம்பிக்கைக்கும் 'கிடைக்காவிட்டால்' என்ற அச்சத்துக்கும் இடையில் அரை மனதுடன் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் இக்காலமே இரண்டாம் தடவைக்காரரின் மிகப் பெறுமதியான மாதங்களை விழுங்குகின்றது. கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியைக் கொண்டு நாள்தோறும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அது ஆண்டுக்கு ஆண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது. ஐயமுள்ளவர்கள், இடம் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து முழுமையாக ஆயத்தமாவதே விவேகமானது. இடம் கிடைத்தால் படித்தது வீண்போகப் போவதில்லை.

எவ்வாறு ஆயத்தமாவது என்பதிலேயே மிகப் பெரிய தவறு நிகழ்கின்றது. பெறுபேறு குறைந்தால் நமது வீடுகளில் கிடைக்கும் ஒரே மருந்து 'இன்னும் கூடுதலாகப் படி' என்பதுதான். பத்து மணித்தியாலம் படித்தவர் பதினான்கு மணித்தியாலம் படிக்க வேண்டும். இரண்டு வகுப்புகளுக்குச் சென்றவர் நான்கு வகுப்புகளுக்குச் செல்ல வேண்டும். ஆனால், முதற்தடவை பயன்தராத அதே முறையைக் கூடுதலான நேரத்துக்கு நீட்டுவதால் மட்டும் விளைவு மாறிவிடுமா? அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களின் பின் நடத்தப்பட்ட சோதனையில் சிறப்பாகச் செய்தனர். ஆனால், ஒரு வாரத்தின் பின்னர், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்துத் தம்மைத் தாமே சோதித்தவர்களே முன்னின்றனர். திரும்ப வாசிக்கும்போது 'இது எனக்குத் தெரியும்' என்ற உணர்வு ஏற்படுகின்றது. பரீட்சை மண்டபத்தில் கேட்கப்படுவது அந்த உணர்வையல்ல, விடையை.

இரண்டாம் தடவை தோற்றுபவருக்கு இந்த மயக்கம் இன்னும் அதிகம். ஏனெனில், எல்லாப் பாடமும் ஏற்கனவே கேட்டவை. எல்லாக் குறிப்புகளும் ஏற்கனவே அடிக்கோடிட்டவை. ஆகவே, புதிய குறிப்புகளைத் தேடி அலைவதற்கு முன்னர் அவர் செய்யவேண்டியது, சென்ற தடவை எங்கே புள்ளிகள் பறிபோயின என்பதைக் கண்டறிவதாகும். விளங்காமல் விட்டவை எவை, விளங்கியும் மறந்தவை எவை, தெரிந்திருந்தும் நேரம் போதாமல் விட்டவை எவை என மூன்றாகப் பிரித்து எழுதிப் பார்த்தால், மூன்றுக்கும் மருந்து வேறு என்பது புலப்படும். முதலாவதற்கு ஆசிரியர் தேவை. இரண்டாவதற்குச் சில நாட்களுக்கு ஒருமுறை மீட்டிப் பார்க்கும் ஒழுங்கு தேவை. மூன்றாவதற்கு எந்த வகுப்பும் உதவாது. மணிக்கூட்டை முன்னே வைத்து எழுதும் பயிற்சி ஒன்றே உதவும்.

பெரும்பாலான பாடங்களில் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம் தருகின்றது. ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடங்களும் இருபத்து நான்கு செக்கன்களும். ஒரு வினாவில் ஐந்து நிமிடங்கள் மல்லுக்கட்டும் பழக்கமுள்ளவர் கடைசிப் பத்து வினாக்களை வாசிக்காமலேயே கோடிட வேண்டிவரும். வாரத்தில் ஒரு நாளாவது காலை 8.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு கடந்தகால வினாத்தாளை உரிய நேரத்துக்குள் முழுமையாக எழுதி, புள்ளித்திட்டத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் ஒரு மாதக் கருத்தரங்குகளைவிடப் பெறுமதியானது என நாம் கருதுகின்றோம். பலமான பாடத்துக்கும் வாரத்தில் ஒரு பொழுதை ஒதுக்கத் தவறலாகாது. சென்ற தடவையின் 'ஏ' இம்முறை தானாக வந்து சேராது.

அடுத்தது நித்திரை. பரீட்சை நெருங்க நெருங்க விடிய விடிய விழித்திருப்பதை உழைப்பின் அடையாளமாக நமது வீடுகள் போற்றுகின்றன. பகலில் கற்றவற்றை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் நித்திரைக்குப் பெரும் பங்குண்டு என்பது இன்று உறுதியாக அறியப்பட்ட விடயம். நித்திரையைக் குறைத்துப் படிப்பவர் ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் கொட்டுகின்றார். இரவில் அருந்தும் தேநீரும் கோப்பியும் இதில் பங்காளிகள். கஃபீன் அருந்தி ஐந்து மணித்தியாலங்கள் சென்ற பின்னரும் அதில் ஏறக்குறைய அரைப்பங்கு உடலில் எஞ்சியிருக்கும். இரவு பத்து மணிக்கு அருந்திய கடுங்கோப்பி, அதிகாலை மூன்று மணிக்கும் நித்திரையுடன் போராடிக்கொண்டிருக்கும். பரீட்சை காலை 8.30 மணிக்கு ஆரம்பமாவது. இரவில் மட்டும் விழித்திருக்கப் பழகிய மூளை அவ்வேளையில் உற்சாகமாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குறைந்தது இறுதி ஆறு வாரங்களுக்காவது நேரத்துக்கு உறங்கி நேரத்துக்கு விழிக்கும் ஒழுங்கு வேண்டும். சுபஹுத் தொழுகைக்கு எழும் வீடுகளிலும், அதிகாலையில் விளக்கேற்றும் வீடுகளிலும் இந்த ஒழுங்கு ஏற்கனவே உண்டு. அதற்கேற்பப் பிள்ளை முன்னிரவில் உறங்க வீடு இடமளிக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் ஆண்டின் முற்பகுதியில் வந்துள்ள நோன்பு மாதத்தில், ஸஹருக்காக எழும் பிள்ளைக்குப் பகலில் சிறு ஓய்வும், கடினமான பாடங்களை மனம் தெளிவாயிருக்கும் வேளைக்கு மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் வேண்டும்.

பதற்றம் பற்றியும் தெளிவு தேவை. பதற்றமே இல்லாத மனம் பரீட்சைக்கு உகந்தது என்பது தவறான எண்ணம். ஓரளவு பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கும். அளவை மீறினாலே அது நினைவைக் குழப்பும். அமெரிக்காவில் ஜேமிசனும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்பின் படிப்பு அனுமதிக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்கு ஆயத்தமாகிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், நெஞ்சு படபடப்பது பரீட்சையைப் பாதிக்காது, மாறாக உதவவும் கூடும் என்று முன்கூட்டியே கூறப்பட்டது. அவ்வாறு கூறப்பட்டவர்கள் கணிதப் பகுதியில் ஏனையோரைவிடக் கூடிய புள்ளிகளைப் பெற்றனர். முதற்தடவை வினாத்தாளைக் கண்டதும் கை நடுங்கிய அனுபவமுள்ள பிள்ளை, இரண்டாம் தடவை அந்த நடுக்கத்துக்கே அஞ்சுகின்றது. 'நடுக்கம் வரும், வந்தாலும் எழுதலாம்' என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்? நேரக்கட்டுப்பாட்டுடன் எழுதிப் பழகுவதன் இன்னொரு பயனும் இதுவே. பழகிய நிலைமை மிரட்டுவதில்லை.

இவையெல்லாம் மாணவர் செய்யவேண்டியவை. ஆனால், மாணவர் மட்டும் தமது பழக்கத்தை மாற்றி, சுற்றியிருப்போர் தம்முடையதை மாற்றாவிட்டால் பயனில்லை. இரண்டாம் தடவை தோற்றுபவர் பெரும்பாலும் தனித்தவர். முதற்தடவை அவருக்குப் பாடசாலை இருந்தது, சீருடை இருந்தது, நண்பர்கள் இருந்தனர். இப்போது அவர்களிற் சிலர் பல்கலைக்கழகம் சென்றுவிட்டனர். சிலர் வெளிநாடு சென்றுவிட்டனர். திருமண வீட்டிலும் கோவில் திருவிழாவிலும் பெருநாள் சந்திப்பிலும் 'என்ன செய்கிறீர்?' என்ற கேள்வியைத் தவிர்ப்பதற்காகவே வீட்டில் அடைந்துகிடப்போர் உளர். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. 'இன்னொரு வருடமா?' என்ற கேள்வியுடன் திருமணப் பேச்சும் சில வீடுகளில் ஆரம்பமாகிவிடுகின்றது. ஆண் பிள்ளைக்குக் கேள்வியின்றிக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்புக்காகப் பெண் பிள்ளை மன்றாடவேண்டியிருப்பது நமது இரு சமூகங்களுக்கும் பெருமை தருவதன்று.

பெற்றோர் இதில் செய்யக்கூடியவை செலவற்றவை. அடுத்த வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடாதிருத்தல், கட்டிய வகுப்புக் கட்டணத்தை நினைவூட்டாதிருத்தல், உணவு வேளையில் பரீட்சை தவிர்ந்த வேறு ஏதேனும் பேசுதல், மாலையில் அரை மணி நேரம் பிள்ளை வெளியே நடக்கவோ விளையாடவோ தடுக்காதிருத்தல் ஆகியவை அவற்றுட் சில. பாடசாலைகளும் பழைய மாணவர் என்று கூறிக் கதவைச் சாத்திவிடாமல், நூலகத்தையும் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரின் உதவியையும் இவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். சனசமூக நிலையங்களும் பள்ளிவாசல்களும் கோவில் மண்டபங்களும் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை மாதிரிப் பரீட்சைக்கென ஒதுக்கினால், கட்டணம் செலுத்த வழியற்ற பிள்ளைக்கும் பரீட்சை மண்டபப் பழக்கம் கிடைக்கும். பரீட்சைக்குச் சில தினங்களுக்கு முன்னரிருந்து தனியார் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்து வருகின்றது. அந்நாட்கள் ஓய்வுக்கும் அமைதியான மீட்டலுக்கும் உரியவை. அதனை மீறி இரகசிய வகுப்புகளைத் தேடி ஓடுவது பிள்ளைக்குத் தீங்கே செய்யும்.

தொடர்ச்சியான நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, எவருடனும் பேசாமை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற வார்த்தை ஆகியவற்றைக் காணும்போது அதனைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எடுத்துக்கொள்ளலாகாது. அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். ஒரு பரீட்சையை இழந்தால் மீண்டும் எழுதலாம். பிள்ளையை இழந்தால் மீட்க வழியில்லை.

அதேவேளை, இரண்டாம் தடவையே எல்லோருக்கும் உகந்தது என்றும் நாம் கூறவில்லை. திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வியியற் கல்லூரிகள், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள், தொழிற்பயிற்சித் தகைமைகள் எனக் கதவுகள் வேறும் உண்டு. அவற்றைத் தோற்றவர்களின் ஒதுக்கிடமாகக் காட்டாமல், ஆரம்பத்திலேயே பிள்ளையுடன் அமர்ந்து விபரமாகப் பேசினால், மீண்டும் தோற்றுபவரின் மனச்சுமையும் குறையும். பின்னால் ஒரு வழி உண்டென்று அறிந்தவரே முன்னால் உள்ள வினாத்தாளை நிதானமாக வாசிப்பார்.

அரசாங்கத்தின் கடமையும் தெளிவானது. பரீட்சைக்கு நிலையான ஒரு காலத்தை முன்கூட்டியே அறிவித்து அதனைப் பேண வேண்டும். மழைக்காலத்தின் நடுவில் பரீட்சையை நடத்தி ஆண்டுதோறும் வெள்ளத்துடன் மல்லுக்கட்டும் நிலையை மீளாய்வு செய்ய வேண்டும். அடுத்த பரீட்சைக்கான விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னரே வெட்டுப்புள்ளிகளை வெளியிட வேண்டும். அனர்த்தங்களை எவராலும் தடுக்க முடியாது. ஆனால், நிர்வாகத் தாமதம் அனர்த்தமன்று. ஒரு மாணவரிடம் நேர முகாமைத்துவத்தை எதிர்பார்க்கும் அரசு, முதலில் தனது நேரத்தை ஒழுங்குபடுத்திக் காட்டுவதே முறையாகும்.